காயம் ஆற்ற வந்த இரு பெப்டைடுகள்

தசைநாண் கிழிந்தவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் இணையத்தில் ஜோடியாக விற்கப்படுபவை பி.பி.சி.-157, டி.பி.-500 என்ற ஊசிக் குப்பிகள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை.

பி.பி.சி.-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, அதாவது பெப்டைடு. மனித இரைப்பை நீரிலுள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று இதை விவரிப்பவர்கள் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் பிரெட்ராக் சிகிரிச் தலைமையில் 1990களிலிருந்து ஆராயும் குழுவினர். வயிற்றுப்புண், குடல் அழற்சி என்று தொடங்கிய ஆய்வு, பின்னர் தசைநாண் பக்கம் திரும்பியது. குதிகால் நாண் அறுக்கப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது நாண் விரைவாகக் கூடியது. காயத்தை நோக்கிப் புது ரத்தநாளங்கள் வளரத் தூண்டுவது அதற்குக் காரணமாகலாம். ஆனால் சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்தே வந்தது, அதிலும் பெரும்பகுதி அந்த ஒரே குழுவிடமிருந்து. மனிதர்களிடம் நடந்தவை மிகச் சிறிய ஆய்வுகள்.

டி.பி.-500இன் மூலம் தைமோசின் பீட்டா-4. கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து ஆலன் கோல்ட்ஸ்டீன் குழு பிரித்தெடுத்த இதில் 43 அமினோ அமிலங்கள். நம் உடலின் பெரும்பாலான செல்களில் இது இருக்கிறது. ஆக்டின் என்ற புரதத்தின் தனி மணிகளைப் பிடித்துவைத்து, தேவையானபோது விடுவிப்பது இதன் வேலை. அந்த மணிகள் இழையாகக் கோக்கப்பட்டால்தான் செல் நகர முடியும். காயத்தின் விளிம்பிலிருந்து தோல் செல்கள் ஊர்ந்துவந்து புண்ணை மூடுவது இப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: எப்படி வேலை செய்கிறது என்பது இவ்வளவு துலக்கமாகத் தெரிந்த பெப்டைடுகள் குறைவு. கண் சொட்டு மருந்தாக இது மூன்றாம் கட்டச் சோதனை வரை போயிருக்கிறது. உலர்கண் நோயில் முதன்மை இலக்கை எட்டவில்லை என்றாலும், நூற்றுக்கணக்கான மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது பெரிய விஷயம்.

குப்பியில் விற்பதாகச் சொல்லும் டி.பி.-500 அந்த முழுச் சங்கிலி இல்லை. ஆக்டினைப் பற்றும் 7 அமினோ அமிலங்களின் துண்டு மட்டுமே அது. பந்தயக் குதிரைகளின் ஊக்கமருந்துச் சோதனைகளில் அடிபட்ட பெயர். முழு மூலக்கூறைக் கண்ணில் விட்டுப் பெற்ற முடிவை, தொடையில் போடும் துண்டுக்குச் சான்றாகக் காட்டுவது நோயாளியை ஏமாற்றும் வேலை.

இன்னொன்றும் உண்டு. புது ரத்தநாளமும் நகரும் செல்லும் புற்றுக்கட்டிக்கும் வேண்டியவை. நீண்டகாலப் பாதுகாப்பு ஆய்வு இல்லாமல், புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் இவற்றைப் போட்டுக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. விளையாட்டு வீரர்களுக்கு இரண்டுமே தடை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் பி.பி.சி.-157 பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 2022இல்.