கையெழுத்திடுமுன் கணக்கிடுங்கள்

பணியிடத்தில் அடிபட்டு எங்கள் மருத்துவமனைக்கு வருவோரின் குடும்பத்தார் முதலில் கேட்பது உயிரைப் பற்றி. அடுத்துக் கேட்பது வருவாயைப் பற்றி. இரண்டாம் கேள்விக்கு விடை தெரியுமுன்னரே ஒரு தொகையைக் கையில் கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிச் செல்வோரும் உண்டு. அத்தொகை நியாயமானதா என்பதைக் குடும்பத்தாரே ஏறத்தாழக் கணித்துக்கொள்ள இயலும். அதற்கான வழியை இங்கே தருகிறோம்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

நோயாளி இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சம்பளச் சீட்டில் 0.75 விழுக்காடு பிடித்தம் இருந்தால் அவர் காப்பீடு பெற்றவர். அவருக்குரிய இழப்பீட்டை இ.எஸ்.ஐ. கழகமே வழங்கும், அதே விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் முதலாளியிடம் தனியே கோர இயலாது.

பணியிட விபத்தினால் வேலைக்குச் செல்ல இயலாத காலம் முழுவதற்கும் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். பணியோடு தொடர்பற்ற நோய்க்கு 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை. நாளொன்றுக்கு 600 ரூபாய் ஈட்டியவருக்கு முன்னது 540 ரூபாய். பின்னது 420 ரூபாய். நிலையான ஊனம் ஏற்பட்டால், இழந்த உழைப்புத் திறனின் அளவுக்கேற்ப வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் தொகை வரும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு

இவர்களுக்கு இழப்பீடு தரும் கடமை முதலாளியுடையது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவராயினும் முதன்மை முதலாளியிடம் கோரலாம். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு முறையே 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. அதற்கு மூன்று எண்கள் போதும்: மாத ஊதியம், வயதுக்குரிய காரணி, இழப்பின் விழுக்காடு.

கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய் என 2020 சனவரியில் அறிவிக்கப்பட்டது. காரணி சட்டத்தின் அட்டவணையில் உள்ளது: 30 வயதுக்கு 207.98; 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. முழுமையான நிலை ஊனத்திற்கு ஊதியத்தின் 60 விழுக்காட்டையும், மரணத்திற்கு 50 விழுக்காட்டையும் இக்காரணியால் பெருக்க வேண்டும்.

மாதம் 15,000 ரூபாய் பெறும் 40 வயதுத் தொழிலாளி எந்திரத்தில் சிக்கிக் கட்டைவிரலை இழந்தார் எனக் கொள்வோம். ஊதியத்தின் 60 விழுக்காடு 9,000. அதை 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530. கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை தரும் அளவு 30 விழுக்காடு. ஆகவே இழப்பீடு 4,97,259 ரூபாய். இவருக்கு ஐம்பதாயிரம் தருவதாக ஒருவர் சொன்னால், அது எவ்வளவு குறைவு என்பது இப்போது தெளிவாகும்.

தற்காலிக இயலாமைக்கு, அரை மாதத்திற்கு ஒருமுறை மாத ஊதியத்தின் 25 விழுக்காடு உண்டு. சிகிச்சைக்கான உண்மைச் செலவையும் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். ஒரு மாதத்திற்குள் வழங்கத் தவறினால் 12 விழுக்காடு வட்டி சேரும்.

விழுக்காடு எப்படி முடிவாகிறது?

அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு மருத்துவரே இழப்பை மதிப்பிடுகிறார். அப்போது உடலுறுப்பின் இழப்பை மட்டுமன்றி, ஈட்டும் திறனின் இழப்பையும் கருத வேண்டும். முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் இழப்பு முழுமையானதே என்ற முடிவை 1975-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆதலால் நோயாளி செய்துவந்த வேலை இன்னதென்பதை மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

விபத்து பணியிடத்தில் நேர்ந்தது என்பதைச் சேர்க்கையின்போதே கூறி, விபத்துப் பதிவேட்டில் இடம், நாள், நேரம் ஆகியவற்றைப் பதியச் செய்யுங்கள். “கீழே விழுந்தார்” என்று மட்டும் எழுதப்பட்ட பதிவேடு பின்னர் உங்களுக்கே எதிராக நிற்கக்கூடும். அப்பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், ஊதியம் வந்த வங்கிக் கணக்கின் விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் பாதுகாத்து வையுங்கள்.

வேலையே போய்விட்டால்?

பணியோடு தொடர்பற்ற காரணத்தால் 40 விழுக்காட்டிற்குக் குறையாத நிலை ஊனமுற்று வேலையிழந்த இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கு, உரிய காலம் சந்தா செலுத்தியிருந்தால், ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் திட்டத்தில் உதவி உண்டு. முதல் 12 மாதங்களுக்கு நாள் ஊதியத்தில் 50 விழுக்காடும் அடுத்த 12 மாதங்களுக்கு 25 விழுக்காடும் வழங்கப்படும். ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலையிழந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

நிறைவாக ஒன்று. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்த ஒப்பந்தம் சட்டத்தின்முன் செல்லாது. எனவே முன்னரே கையெழுத்திட்டுவிட்டவர்களும் மனம் தளர வேண்டுவதில்லை. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரை அணுகலாம்; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவியும் கோரலாம். ஆயினும் காலம் தாழ்த்தாதீர்கள். நோயாளி கட்டிலில் இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவர் ஒரு தாளில் இம்மூன்று எண்களையும் எழுதி வைத்துக்கொள்வது நலம்.