சிறுநீர் வடிக்கும் குழாய்

சிறுநீர் தானாக வெளியேறாதபோது அதை வடிப்பதற்காகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படும் மெல்லிய குழாய்தான் கதீட்டர். மருத்துவமனை வார்டுகளில் இதற்கு ‘யூரின் டியூப்’ என்று பெயர். புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டவர்களுக்கும், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கும், சிறுநீரின் அளவை மணிக்கு மணி கணக்கிட வேண்டிய தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கும் இது தேவைப்படுகிறது.

பழங்காலத்தில் விறைப்பான உலோகக் குழாய்கள் இருந்தன. அவற்றைச் செலுத்துவது பெரும் வேதனை. சிறுநீர்க் கல்லால் அவதிப்பட்ட தன் அண்ணன் ஜானுக்காக, 1752இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நெலாத்தோன் மென்மையான ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார். வலி குறைந்தது, ஆனால் குழாய் உள்ளே நிற்காமல் நழுவியது. அதை உடலோடு சேர்த்து ஒட்டவோ கட்டவோ வேண்டியிருந்தது.

இதற்கு விடை கண்டவர் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி. 1930களில் அவர் உருவாக்கிய குழாயின் நுனியருகே சிறு பலூன் ஒன்று இருந்தது. இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் இக்குழாய்க்குள் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்றின் வழியே சிறுநீர் வடிந்து வெளியே தொங்கும் பைக்குள் சேரும். மற்றொன்றின் வழியே, பெரியவர்களுக்குப் பொதுவாக 10 மி.லி. அளவு தூய நீரை ஊசிக்குழலால் செலுத்துவார்கள். பலூன் உப்பிச் சிறுநீர்ப்பையின் வாயில் தங்கிக்கொள்ளும். உப்புக் கரைசல் படிகமாகித் தடத்தை அடைக்கக்கூடும் என்பதால்தான் தூய நீர்.

குழாயின் பருமனை ‘பிரெஞ்ச்’ என்ற அலகால் அளக்கிறார்கள். 3 பிரெஞ்ச் என்றால் 1 மி.மீ. விட்டம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 அல்லது 16 எண் குழாய் போதும். எண் தெரிய, பலூனுக்கு நீர் செலுத்தும் முனையில் நிறம் இருக்கும்: 14க்குப் பச்சை, 16க்கு ஆரஞ்சு.

குழாய் தங்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் ஏறிக்கொண்டே போகும். கிருமிகள் அதன் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுவதே காரணம். அந்தப் படலத்தை மருந்தாலும் எளிதில் அகற்ற முடியாது. தொற்றைத் தவிர்க்க, சிறுநீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. பலூன் நீரை எடுக்காமல் குழாயை இழுத்தால் சிறுநீர்த்தாரை கிழிந்து இரத்தம் கொட்டும்.

குழாய் போட்ட தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, ‘இன்றைக்கும் இது தேவையா?’ என்று நாள்தோறும் மருத்துவரிடம் கேளுங்கள். தேவை முடிந்த அன்றே அதை எடுத்துவிடுவதுதான் நோயாளிக்கு நல்லது.