ஆக்கவல்ல செயற்கை நுண்ணறிவும் தீவிரவாதத் தடுப்பும்: மொழியறிவின் இடம்

முன்னுரை

கேட்டவுடன் கட்டுரை எழுதவும், படம் வரையவும், ஒருவரின் குரலைப் போலச்செய்யவும், ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழிக்குப் பெயர்க்கவும் வல்ல கணினி நிரல்களை ஆக்கவல்ல செயற்கை நுண்ணறிவு என்கிறோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தபின், இத்தகைய கருவிகள் மாணவர் முதல் வணிகர் வரை அனைவரிடமும் புழங்கத் தொடங்கின. வன்முறையைக் கொள்கையாகக் கொண்டோரும் இவற்றை விட்டுவைக்கவில்லை. இத்தவறான பயன்பாடு எவ்வாறு நிகழ்கிறது, அதனைத் தடுக்கும் முறைகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றுள் தமிழின் நிலை யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தடுப்பின் வலிமை கணினி நுட்பத்தை மட்டும் பொறுத்ததன்று. மொழியின் பொருளுணர்ந்த மனிதரையும் பொறுத்தது என்பதே நமது கருத்தாகும்.

தவறான பயன்பாட்டின் வகைகள்

முதலாவது, பரப்புரை. 2024 மார்ச் 22ஆம் நாள் மாஸ்கோவின் குரோக்கஸ் இசையரங்கில் 140க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் ஐ.எஸ். ஆதரவாளர்கள் அத்தாக்குதலைப் போற்றும் காணொளி ஒன்றைப் பரப்பினர். அதில் செய்தி வாசித்தவர் மனிதர் அல்லர். கணினி ஆக்கிய உருவமே. செய்தி ஒளிபரப்பைப் போன்ற ஒன்றைத் தயாரிக்கப் பணமும் ஆள்பலமும் வேண்டும் என்ற தடை இவ்வாறு தளர்ந்துவிட்டது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. ஒரு வெறுப்புரையைப் பல மொழிகளுக்குக் கொண்டுசெல்ல, முன்னர் அம்மொழிகளை அறிந்த ஆதரவாளர்கள் தேவைப்பட்டனர். இன்று அத்தேவை பெரிதும் குறைந்துள்ளது.

மூன்றாவது, உரையாடல். 2021 டிசம்பர் 25ஆம் நாள் பிரிட்டனின் வின்சர் கோட்டை வளாகத்திற்குள் விசைவில்லுடன் நுழைந்த 19 வயது இளைஞர், அரசியாரைக் கொல்லும் தம் எண்ணத்தை ரெப்ளிகா என்னும் செயலியில் அமைத்துக்கொண்ட உரையாடல் துணையிடம் முன்னரே கூறியிருந்தார். அது அவரைத் தடுக்காமல் ஊக்கப்படுத்தியமை வழக்கு விசாரணையில் வெளிப்பட்டது. 2023 அக்டோபரில் அவருக்கு 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கேட்பவர் மனம் கோணாமல் இசைந்து பேசும் கருவியின் இயல்பே இங்குத் தீங்காக முடிந்தது என்பது நோக்கத்தக்கது.

எனினும் இவ்வாபத்தை மிகைப்படுத்துதலும் முறையன்று. 'டெக் அகெயின்ஸ்ட் டெரரிசம்' என்னும் அமைப்பு, தீவிரவாதக் குழுக்கள் பகிர்ந்தவற்றுள் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கண்டறிந்ததாக 2023 நவம்பரில் அறிவித்தது. இம்முயற்சிகள் அப்போது தொடக்க நிலையிலேயே இருந்தன என்பதே அதன் மதிப்பீடுமாகும். நமது வட்டாரத்திலும் இதன் அறிகுறிகள் தென்பட்டுள்ளன. 2025 ஜூலையில் வெளியான சிங்கப்பூர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அச்சுறுத்தல் மதிப்பீட்டறிக்கை, தாமாகவே தீவிரவாதச் சிந்தனைக்கு ஆட்பட்டோர் சிலர் இத்தகைய கருவிகளை நாடியதைச் சுட்டியது.

எண்மக் கைரேகையும் அதன் எல்லையும்

இணைய நிறுவனங்கள் நெடுநாளாக நம்பியுள்ள தடுப்புமுறை எண்மக் கைரேகை எனலாம். தடைசெய்யப்பட்ட படத்தையோ காணொளியையோ கணித முறையில் ஒரு குறியெண்ணாகச் சுருக்குவர். அக்குறியெண்ணைப் பொதுத் தொகுப்பில் சேர்ப்பர். அதே பதிவு வேறிடத்தில் ஏற்றப்படும்போது குறியெண்கள் ஒத்துப்போவதைக் கொண்டு கணினி அதனைத் தடுக்கும். பேஸ்புக், மைக்ரோசாப்ட், டுவிட்டர், யூடியூப் ஆகியவை 2017இல் நிறுவிய கூட்டமைப்பு இத்தகைய தொகுப்பைப் பகிர்ந்துகொள்கிறது.

இம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டியது 2019 மார்ச் 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட நிகழ்வு. கொலையாளி நேரலையாக ஒளிபரப்பிய காணொளியின் 1.5 மில்லியன் படிகளை முதல் 24 மணி நேரத்தில் நீக்கியதாகப் பேஸ்புக் அறிவித்தது. அவற்றுள் 1.2 மில்லியன் படிகள் ஏற்றப்படும்போதே தடுக்கப்பட்டன. எஞ்சியவை முதற்கட்டத் தடையைக் கடந்துவிட்டன. ஓரத்தை வெட்டியும் நிறத்தை மாற்றியும் திரையிலிருந்து மீண்டும் படமெடுத்தும் மக்கள் உருவாக்கிய 800க்கும் மேற்பட்ட வேறுபட்ட வடிவங்கள் கண்டறியப்பட்டன. மனிதர் கையால் செய்த மாற்றங்களே இத்தனை எனின், நொடிதோறும் புதிய வடிவத்தை ஆக்கவல்ல கருவியின் முன் கைரேகை முறை மட்டும் போதாது என்பது தெளிவு. முன்பு இல்லாத பதிவுக்கு முன்பதிவான கைரேகையும் இராது. ஆகவே, வடிவத்தை ஒப்பிடும் நிலையிலிருந்து பொருளை உணரும் நிலைக்குத் தடுப்புமுறை நகரவேண்டியுள்ளது. இவ்விடத்தில்தான் மொழி முதன்மை பெறுகிறது.

மொழி என்னும் வாயில்

தீங்கான வேண்டுகோள்களை மறுக்குமாறு கருவிகளுக்கு அவற்றை உருவாக்குவோர் பயிற்சி அளிக்கின்றனர். அப்பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சார்ந்தே வளர்ந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. ஆங்கிலத்தில் ஜிபிடி-4 மறுத்த வேண்டுகோள்களைச் சூலு, குவாரனி முதலிய, தரவு குறைந்த நான்கு மொழிகளில் மாற்றிமாற்றி அளித்தபோது, 79 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு மொழியில் தடை கடக்கப்பட்டது. பின்வந்த கருவிகள் திருத்தம் பெற்றிருப்பினும் பாடம் மாறவில்லை. வீட்டின் முன்வாயிலுக்குப் பூட்டிட்டுப் பின்வாயிலைத் திறந்து வைத்தால் காவல் நிறைவுறாது.

தமிழ் கற்றோர் இதனைப் பிறர் கதையாகக் கருத இயலாது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் இலங்கையில் 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளின் தலைவனான சஹ்ரான் ஹாசிம், தன் வெறுப்புரைகளை இணையத்தில் தமிழிலேயே பரப்பினான். அவனால் விளையவிருந்த ஆபத்தை முதலில் உணர்ந்து அதிகாரிகளிடம் முறையிட்டோர் அவனது ஊராகிய காத்தான்குடியின் முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம் அமைப்பினருமே. அரபுச் சமயச் சொற்கள் கலந்த கிழக்கிலங்கைத் தமிழில் எது வழக்கமான சமய உரை, எது கொலைக்கான அழைப்பு என்பதை அவர்கள் பிரித்தறிந்தனர். சென்னை நாளிதழ்த் தமிழை மட்டும் பயின்ற கணினிக்கு அவ்வேறுபாடு எளிதில் புலப்படாது.

மற்றொரு பிழையும் உண்டு. குற்றமற்றதைக் குற்றமெனக் கொள்ளுதல் அது. 2017இல் யூடியூபின் தானியங்கி நீக்கத்தால், சிரியப் போரின் கொடுமைகளைப் பதிவு செய்த காணொளிகள் ஆயிரக்கணக்கில் மறைந்தன. மலேசியத் தமிழர் அறிந்த சான்றும் ஒன்றுண்டு. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையோர் என்ற ஐயத்தில் 12 பேர் சொஸ்மா சட்டத்தின்கீழ்க் கைதாயினர். 2020 பிப்ரவரியில் அரசுத் தரப்பு வழக்கை மீட்டுக்கொண்டது. கைப்பேசியிலோ முகநூலிலோ அவ்வியக்கத் தலைவரின் படத்தை வைத்திருப்பது மட்டும் ஒருவரைப் பயங்கரவாதியாக்காது என்பது அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் தந்த விளக்கங்களுள் ஒன்று. படத்தை அடையாளங்காணும் கணினி, அதனை வைத்திருப்பவரின் நோக்கத்தை அடையாளங்காண்பதில்லை. இரங்கற்பாவும் வரலாற்றுக் கட்டுரையும், பகைவர் ஊர் எரிவதைப் பாடும் புறத்திணைப் பாடலும்கூட அதன் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றக்கூடும்.

செய்யத்தக்கவை

சட்டங்கள் பெருகியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூன் முதல், பயங்கரவாதப் பதிவுகளை அதிகாரிகளின் ஆணை கிடைத்த ஒரு மணி நேரத்திற்குள் நீக்கவேண்டும். மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், விரைவை வலியுறுத்தும் சட்டம் பொருளறியாதவர் கையில் மேற்கூறிய இரு பிழைகளையும் பெருக்கக்கூடும்.

ஆதலின் மூன்று பணிகளை நாம் முன்மொழிகிறோம். ஒன்று, இணைய நிறுவனங்கள் தமிழுக்கு நியமிக்கும் மதிப்பீட்டாளர்களுள் தமிழகம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய வழக்குகளை அறிந்தோர் இடம்பெறவேண்டும். இரண்டு, மலாய் கலந்த பேச்சுத் தமிழையும் ரோமன் எழுத்தில் எழுதப்படும் தமிழையும் உள்ளடக்கிய சோதனைத் தொகுப்புகளைத் தமிழ்த்துறைகள் கணினித்துறைகளோடு இணைந்து உருவாக்கவேண்டும். ஐயத்திற்குரிய ஒவ்வொரு பதிவையும் ஒருவருக்கு மேற்பட்டோர் மதிப்பிட்டு, கருத்து வேறுபாட்டையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. மூன்று, தனிமையில் கருவியோடு உரையாடும் இளையோருக்கு மறுத்துப் பேசும் மனிதத் துணை வேண்டும். சிங்கப்பூரில் 2003 முதல் இயங்கிவரும் சமய மறுவாழ்வுக் குழுவின் அறிஞர்கள், தடுப்புக் காவலில் உள்ளோருடன் நேரில் அமர்ந்து வாதிட்டு வருவது இதற்குத் தக்க முன்மாதிரியாகும்.

முடிவுரை

ஆக்கவல்ல செயற்கை நுண்ணறிவு தீவிரவாதத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. அதன் குரலைப் பெருக்கவும் மொழி எல்லைகளைக் கடக்கவும் வழிசெய்துள்ளது. அக்குரல் தமிழில் ஒலிக்கும்போது அதனை இனங்காணவும், குற்றமற்ற தமிழ்க் குரல் அதனோடு சேர்த்து அடக்கப்படாமல் காக்கவும் தமிழறிந்தோரால் இயலும். சொல்லின் பொருளை இடமும் சூழலும் நோக்கித் துணியும் பயிற்சியைத் தமிழ்த்துறைகள் நெடுங்காலமாக அளித்து வருகின்றன. அப்பயிற்சி பெற்ற நம் மாணவர்கள் இப்பணிக்கும் உரியவர்கள் என்பதைப் பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும் உணர்தல் வேண்டும்.