சொல் நீங்கியும் நிற்கும் கவிதை: பல்லியத்தில் ஒரு துயரக் காதல்

ஒரு கவிதையிலிருந்து சொற்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? மொழியியலார்க்குரிய இவ்வினாவுக்கு இசையுலகம் ஒரு விடை தந்துள்ளது. பாடுவோர் எவருமின்றி, பல கருவிகள் கூடிய பல்லியம் ஒரு கவிதையை ஒலியாலேயே உணர்த்தும் வடிவத்தை மேலைநாட்டார் சிம்பொனிக் கவிதை என்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹங்கேரிய இசைமேதை பிரான்ஸ் லிஸ்ட் இப்பெயரை வழங்கி, அவ்வகையில் 13 படைப்புகளை இயற்றினார். இவ்வுரையில் நாம் அதனை இசைக்கவிதை என்போம்.

துயரக் காதலைப் பாடும் இசைக்கவிதைக்குச் சிறந்த சான்று, ருசிய இசைமேதை சைக்கோவ்ஸ்கி 1876இல் இயற்றிய 'பிரான்செஸ்கா டா ரிமினி'. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில், நரகப் பகுதியின் 5ஆம் பாடலில் வருபவள் பிரான்செஸ்கா. கணவனின் தம்பியாகிய பாவுலோவைக் காதலித்தமையால், அவனோடு தானும் கணவன் கையால் மாண்டவள். மறுமையிலும் ஓயாத சூறைக்காற்று அவ்விருவரையும் அலைக்கழிக்கிறது. சைக்கோவ்ஸ்கி இக்கதையை நிகழ்ந்த வரிசையில் சொல்லவில்லை. முதலில் சூறைக்காற்று; நடுவே அது அடங்க, கிளாரினெட் தனித்தெழுந்து அவள் நினைவைத் தொடங்குகிறது; இறுதியில் மீண்டும் சூறைக்காற்று. இன்பம் துன்பத்தினிடையே சிறைப்பட்ட நினைவாகிறது. கொலை எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கேட்போர் இசையிலிருந்து அறிய இயலாது. மீளவியலாமையை உணராதிருக்கவும் இயலாது. சொல் நீங்கிய பின் எஞ்சுவது கவிதையின் கட்டமைப்பே என்பது இதனால் பெறப்படும்.

தமிழ்க் கவிதையும் பல்லியத்தோடு இணைந்ததுண்டு. 2005இல் இளையராஜாவின் திருவாசக இசைப்படைப்பு வெளிவந்தது. 2020இல் ராஜன் சோமசுந்தரம் சங்கப் பாடல்களை அமெரிக்காவின் டர்ஹம் சிம்பொனிக் குழுவினரோடு இணைத்து இசைத்தொகுப்பாக்கினார். இவ்விரண்டிலும் சொல் பாடப்படுகிறது. சொல்லையும் விடுத்து இசைக்கவிதை இயற்ற விழைவோர்க்குத் தமிழ் மரபில் வழிகாட்டி உண்டா?

உண்டு, அது தொல்காப்பியம். ஐந்திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் தொல்காப்பியர் சேர்த்தே எண்ணுகிறார். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கேயுரிய ஒலி உண்டு என்பது இதன் உட்கிடை. மருதத்துக்கு மருதயாழும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு இரங்கற்பண்ணாகிய விளரியும் உரியவை என்பது மரபு. முதற்பொருள் காலத்தையும் இடத்தையும் தர, கருப்பொருள் ஒலியைத் தர, உரிப்பொருள் உணர்வைத் தருகிறது. இசையமைப்பாளர் வேண்டுவனவும் இம்மூன்றே.

ஆதிமந்தியின் கதையைக் கொண்டு இதனைக் காண்போம். கரிகாலன் மகளாகச் சிலப்பதிகாரம் கூறும் இவளுடைய காதலன் ஆட்டனத்தி, ஆடலில் வல்லவன். கழார்த் துறையில் நீராடியபோது காவிரி அவனைக் கவர்ந்தது. அவள் கரைவழியே தேடி அலைந்தாள். மருதி என்பவள் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் கடல் புகுந்தாள் என்கிறது அகநானூற்றிலுள்ள பரணர் பாடல். குறுந்தொகையின் 31ஆம் பாடல் ஆதிமந்தியின் பெயரிலேயே உள்ளது. அப்பாடலின் தலைவி காதலனை ஈரிடங்களில் தேடுகிறாள்: வீரர் கூடிய விழாவில், மகளிர் துணங்கை ஆடும் களத்தில். எங்கும் அவனைக் காணவில்லை. இறுதியில் தன்னையும் அவனையும் ஒரே வாய்பாட்டில் அமைந்த இரு தொடர்களால் ஆடுகளத்துக்கு உரியோராகக் குறிக்கிறாள்.

இத்தொடரமைப்பையே இசையமைப்பாளர் பின்பற்றலாம். விழாப் பறை முழங்க வேண்டும். அதனுள் காதலனுக்குரிய மெட்டு ஒலிக்கலாகாது. துணங்கைத் தாளம் எழ வேண்டும். அங்கும் அம்மெட்டு வாராது. அவனது இன்மை அவ்வாறு செவிக்குப் புலனாகும். பின்னர் ஒரே மெட்டைப் புல்லாங்குழலும் செல்லோவும் ஒன்றன்பின் ஒன்றாக இசைக்கலாம், சேர்ந்திசைத்தல் கூடாது. இணையான இரு தொடர்களின் இசைவடிவம் அதுவே. ஆறு கடலை அடைய, மருதயாழின் பண் தேய்ந்து விளரி மேலெழும். அவன் மீண்டபின் காதலரின் மகிழ்ச்சியில் முடிப்பதா, கடல் புகுந்த மருதியின் துயரில் முடிப்பதா என்பது இசையமைப்பாளர் தெரிந்தெடுக்க வேண்டியது. அத்தெரிவே அவர் கவிதையைப் படித்த முறையைக் காட்டிவிடும்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இம்முயற்சி தொலைவானதன்று. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டுத் தமிழுழைப்பு ஊன்றிய மலை அது. குறிஞ்சிக்குரிய குளிரையும் நள்ளிரவையும் தோட்டப்புற மாணவர் நூலின் துணையின்றியே அறிவர். ஆறு உயிர்களைக் கொண்டுபோகும் என்பதும் அவர்கள் அறியாததன்று. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் உயிர்களைப் பறித்தது. அவர்களுக்கு ஆட்டனத்தியின் கதை பழங்கதை மட்டுமன்று.

ஆகவே, பாடலைப் பொருளுணர்ந்து படித்தபின், அதில் ஒலிக்கும் இடங்களை மாணவரே பட்டியலிடட்டும். திருவிழாக்களில் அவர்கள் நன்கறிந்த உறுமி விழாப் பறையாகட்டும். ஆர்மோனியமோ புல்லாங்குழலோ அவளது தேடலாகட்டும். ஐந்து நிமிட இசை போதும். எந்த இடத்தில் ஒலி நிற்க வேண்டும் என்று மாணவர் தம்முள் வாதிடத் தொடங்குவாராயின், திணையும் தொடரமைப்பும் அவர்களுக்குத் தேர்வுக்குரிய மனப்பாடமாக இரா. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருத்தியின் தேடலைச் செவிகொடுத்துக் கேட்கும் கருவிகளாகும்.