வெள்ளை அங்கியைக் கழற்றுமுன்

ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிட்டால் உறவினரும் அயலவரும் வீடு தேடி வந்து வாழ்த்துவார்கள். அதே பிள்ளை ஐந்து ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் முடித்து, சில வருடங்கள் கடமையாற்றிய பின், "உம்மா, எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்" என்று சொன்னால்? "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, "மகளே, உனக்கு எது களைப்பைத் தருகிறது?" என்பதே.

இக்களைப்பை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைத்தளத்தோடு தொடர்புடைய ஒரு நிலையாக விபரித்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: சக்தி வற்றிப்போதல், வேலையில் பற்று விட்டுப்போதல், தன்னால் ஒழுங்காகப் பணியாற்ற முடியவில்லை என்று உணர்தல். இது ஒரு நோயன்று. பலவீனமான மனத்தின் குறையுமன்று. நீண்டநாள் வேலை அழுத்தம் தீர்க்கப்படாமல் இருப்பதே இதன் காரணம்.

தொழிலை விட எண்ணும் வைத்தியர் தன் களைப்பின் வேரை மூன்று இடங்களில் தேடிப் பார்க்கலாம்.

முதலாவது, வேலைத்தளம். தொடர்ச்சியான இரவுக் கடமை, ஆளணிப் பற்றாக்குறை, வீட்டுக்குத் தொலைவான நியமனம் ஆகியவை எவரையும் வாட்டும். போதிய ஓய்வுக்குப் பின் நோயாளியோடு பேசுவதில் மகிழ்ச்சி திரும்புமாயின், மாற்ற வேண்டியது தொழிலையன்று, இடத்தையும் நேரத்தையுமே.

இரண்டாவது, பிரிவு. மருத்துவம் என்றால் விடுதியும் சத்திர சிகிச்சைக் கூடமும் மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். சமுதாய மருத்துவம், குடும்ப மருத்துவம், நோயியல், சட்ட மருத்துவம், மருத்துவ நிர்வாகம் எனப் பல துறைகளில் பட்டப்பின் கற்கைக்கு நம் நாட்டிலேயே வழியுண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குப் பின்னால், கட்டிலருகே நின்று சிகிச்சை செய்வதோடு நில்லாமல் கிராமம் கிராமமாக நோயைத் தேடிச் சென்றவர்களின் உழைப்பும் இருந்தது.

வைத்தியர் மேரி இரத்தினத்தின் வாழ்வும் இதற்குச் சான்று. கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து இலங்கைக்கு வந்த அவர், சிகிச்சை செய்வதோடு நிற்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். 1930இல் கிராமியப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியை நிறுவினார். 1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. தாய்மாரின் வறுமையும் அறியாமையும் மாறாமல் மருந்தால் மட்டும் பயனில்லை என்பதை உணர்ந்து, அவர் தன் மருத்துவத்தை விரிவாக்கிக்கொண்டார்.

மூன்றாவது, தொழிலே ஒவ்வாமை. நல்ல இடம், நல்ல நேரம், வேறு பிரிவு எல்லாம் கிடைத்தாலும் மனம் ஒட்டாது என்று தெளிவாகத் தெரிந்தால், விலகுவதில் வெட்கமில்லை. ஆனால் களைப்பின் உச்சத்தில் அம்முடிவை எடுக்கலாகாது. விடுமுறை எடுத்து, மூத்த வைத்தியர் ஒருவருடன் மனந்திறந்து பேசி, நாட்டம் கொண்ட புதிய துறையைச் சிறிது காலம் பழகிப் பார்த்து, குடும்பச் செலவையும் கணக்கிட்ட பின்னரே இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியலைத் தெரிவு செய்யவிருக்கும் மாணவியரே! பெறுபேறு உயர்ந்தது என்பதற்காக மட்டும் இவ்வழியில் செல்லாதீர்கள். உங்களூர் வைத்தியர் ஒருவரிடம், அவருடைய சாதாரண நாளொன்று எப்படிக் கழிகிறது என்று கேட்டறியுங்கள். நோயாளியின் முறைப்பாட்டைப் பொறுமையோடு கேட்க உங்களால் முடியுமா என்றும் சிந்தியுங்கள்.

பெற்றோரே! மகள் வைத்தியராவது உங்களுக்குப் பெருமைதான். ஆனால் அத்தொழிலை முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்யப் போகிறவள் அவளே. அவள் களைத்து வந்து பேசும்போது, முதலில் அவள் சொல்வதைச் செவிமடுங்கள். ஆலோசனையைப் பிறகு சொல்லலாம்.