அம்மாச்சி வீட்டு லீவும் முகாம் லீவும்

மகளைக் கோடை முகாமில் சேர்க்கும் படிவம் இரண்டு பக்கம். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, அவசரத்துக்கு இரண்டு கைபேசி எண்கள், மாலையில் கூட்டிப்போக வருபவரின் புகைப்படம். எண்பதுகளின் கடைசியில் எங்கள் அம்மாவுக்கு இப்படி எதுவும் தேவைப்படவில்லை. முழுப்பரீட்சை முடிந்ததும் மதுரை பெரியார் நிலையத்தில் என்னையும் தம்பியையும் பாண்டியன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "அண்ணே, பிள்ளைகளை உசிலம்பட்டில இறக்கி விட்ருங்க, மாமா வந்து நிப்பாரு" என்று நடத்துநரிடம் சொல்வார். அவ்வளவுதான். மாமா வர நேரமானால் டீக்கடைக்காரர் எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்து ஆளுக்கொரு வடை கொடுப்பார்.

அம்மாச்சி வீட்டில் சித்தி பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே இருக்கும். காலையில் வெளியே போனால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவோம். அந்தச் சுதந்திரத்தைப் பற்றி என் வயதுக்காரர்கள் நிறையவே பேசுகிறோம். அந்தச் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்பதை மட்டும் பேசுவதில்லை. மே மாதம் முழுவதும் அத்தை அடுப்படியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. லீவு எங்களுக்குத்தான், அவருக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் விளையாட்டு எல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகளோடுதான். ஊரின் அந்தப் பக்கத் தெருப் பிள்ளைகள் எங்களைத் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். வாங்கடா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடக் கூடாது என்பது, யாரும் சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த லீவு இனித் திரும்பாது. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 33 பேர் நகரவாசிகள்; 2011இல் 48 பேர். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றுப்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். பட்டாளம் சேர்வதற்குப் பிள்ளைகள் எங்கே? என் மகளுக்கு மாமா பிள்ளை ஒருவன்தான், அவனும் கோயம்புத்தூரில். நானும் கணவரும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். என் அம்மாவுக்கு மூட்டுவலி.

அதனால்தான் முகாம். முதல் நாள் மகளை அங்கே விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வராமல் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றேன். களிமண்ணில் யானை செய்யச் சொல்லியிருந்தார்கள். பக்கத்திலிருந்த பையன் அவள் யானையின் தும்பிக்கையைப் பிய்த்துத் தன் யானைக்கு வாலாக ஒட்டிக்கொண்டான். அவள் முகம் சுருங்கியது. மிஸ்ஸைத் தேடினாள், அவர் வேறொரு குழந்தையின் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு தன் யானையின் வாலை எடுத்து அதற்குத் தும்பிக்கையாக வைத்துவிட்டு, அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் பெயர் தெரிந்திருந்தது. எந்தத் தெரு, என்ன சொந்தம் என்று அவள் கேட்கவில்லை. அந்த வயதில் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையோடு பழகும் வாய்ப்பே எனக்கு அமைந்ததில்லை. முகாமின் சான்றிதழும் கடைசி நாள் நிகழ்ச்சியும் எனக்குப் பெரிதில்லை. இது பெரிது.

ஆனால் முகாமுக்கும் ஒரு வாசல் இருக்கிறது, அதில் கட்டணம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகன் மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. லீவில் பகலெல்லாம் வீட்டுக்குள் டிவியோடு பூட்டிக்கிடக்கிறான். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைப் பயிற்சி நடத்துகிறது, நல்ல காரியம்தான். ஆனால் அது காலையிலும் மாலையிலும் சில மணி நேரம். நடுப்பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சத்துணவும் காலை உணவும் பள்ளி நடக்கும் நாட்களுக்கு மட்டுமே என்பதால், லீவு விட்டதும் அவனுக்குத் தட்டிலும் குறைகிறது.

அதே மே மாதத்தில் அரசுப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. கூரை, மின்விசிறி, கழிப்பறை, சமையற்கூடம், வேப்பமரத்து நிழல் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆசிரியர்களின் விடுமுறையைத் தொட வேண்டியதில்லை. ஊரில் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். பாடம் வேண்டாம். பந்து, களிமண், கதைப் புத்தகம், மதியம் சூடாகச் சோறு போதும். அடுத்த கோடைக்குள் வட்டத்துக்கு ஒரு பள்ளியையாவது இப்படித் திறந்துவிட அரசு முன்வர வேண்டும். இதைப் படிக்கும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தனியார் முகாமுக்குப் போனாலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வார்டு கவுன்சிலரிடமும் இதைக் கேளுங்கள்.