வாழும் ஊரின் கல்லெழுத்துகள்

பிற மாநிலத்தில் குடியேறி வாழும் மக்களுக்கு ஊர்கள் இரண்டு. ஒன்று பாட்டனார் வாழ்ந்த ஊர். மற்றொன்று தாம் உழைத்து மக்களை வளர்க்கும் ஊர். முதல் ஊரின் பெருமையை நம் பிள்ளைகள் கேட்டு வளர்கின்றனர். இரண்டாம் ஊரின் வரலாறோ நம் இல்லங்களில் பேசப்படுவது அரிது. அது பிறருடைய வரலாறு என்று நாமே எண்ணிவிட்டோம் போலும். பெங்களூரைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையுடையது. அதனைக் கூறுவோர் அறிஞர் மட்டும் அல்லர். இந்நகரின் கற்களே கூறுகின்றன.

அக்கற்களைத் தேடும் பணியில் ஆர்வலர் சிலர் 2017ஆம் ஆண்டு முதல் ஈடுபட்டு வருகின்றனர். இவர்கள் அரசின் ஊழியர் அல்லர். அலுவல் போக எஞ்சிய நேரத்தை இதற்கு அளிக்கும் நகரத்தார். 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, நிருபதுங்க சாலையில் இயங்கும் மிதிக் சொசைட்டி என்னும் ஆய்வுக் கழகம், 2021 முதல் இக்கற்களின் எழுத்துகளைக் கருவிகொண்டு முப்பரிமாணப் படங்களாகப் பதிவுசெய்து வருகிறது. சொற்பொழிவு, கல் தேடும் நடைப்பயணம், ஊர்மக்களுடன் கலந்துரையாடல் என இப்பணி பலவாறு விரியும்.

தேடுவோருக்கு வழிகாட்டி ஒரு பழைய நூல். பெங்களூரிலேயே 1837இல் பிறந்த லூயிஸ் ரைஸ் என்னும் ஆங்கிலேயர், மைசூர் அரசின் தொல்பொருள் துறைக்குத் தலைவராய் இருந்து, ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகளைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் 1905இல் வெளிவந்த ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்திற்கு உரியது. அதனைக் கையில் ஏந்தி, அதில் குறித்த ஏரிக்கரையையும் கோயில் முற்றத்தையும் நாடிச் செல்கின்றனர். சில இடங்களில் கல் நிற்கிறது. சில இடங்களில் ஏரியும் இல்லை, கல்லும் இல்லை. அடுக்குமாடி வீடே எழுந்து நிற்கிறது.

இக்கற்கள் கூறும் செய்திகள் யாவை? வேட்டைக்குச் சென்று வழிதவறிய ஹொய்சள மன்னனுக்கு ஒரு மூதாட்டி வெந்த அவரைக்காய் அளித்தாள் என்றும், ஆதலின் இவ்வூர் ‘பெந்தகாளூரு’ எனப் பெயர் பெற்றது என்றும் கதை ஒன்று உண்டு. அம்மன்னன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தவன். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள கன்னடக் கல்வெட்டோ, கி.பி. 890ஐ ஒட்டிய கங்கர் காலத்தது. பெங்களூரில் நிகழ்ந்த போர் ஒன்றில் உயிர்நீத்தவரை அது குறிப்பிடுகிறது. கதை தோன்றும் காலத்திற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே பெயர் வழக்கில் இருந்தது என்பதை ஒரு கல் நிலைநாட்டிவிட்டது!

இனித் தமிழ்க் கற்களைக் காண்போம். காடுகோடியில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 1043ஆம் ஆண்டில் வெட்டப்பெற்றது. பட்டந்தூர் ஏரியை அமைத்து மதகு வைத்ததையும், அதனருகே கோயில்கள் எடுத்ததையும் அது உரைக்கிறது. தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிற் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்குகின்றன. அங்கு எழுந்தருளியிருப்பவர், பெயர் கேட்டோர் எண்ணுவது போலச் சிவபெருமான் அல்லர்; திருமாலே. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலங்களைக் கொடையாகக் குறிக்கிறது, அதுவும் தமிழே. அங்கேயே பின்னர் வெட்டிய கல்வெட்டில் தாமரைக்கரை என்னும் இடப்பெயர் வருகிறது. இன்றும் மடிவாளாவை அடுத்துத் தாவரெகெரே என்னும் பகுதி உள்ளதை நாம் அறிவோம்.

இவற்றைக் கேட்டவுடன், ‘இவ்வூர் எமதே’ என்று மார்தட்டத் தோன்றுமாயின், கல்லை நாம் படிக்கவில்லை என்பதே பொருள். கல்லெழுத்து நிலவழக்கில் காட்டுதற்குரிய பத்திரம் அன்று. கன்னடக் கல்லும் தமிழ்க் கல்லும் ஒரே ஏரியின் நீரை உண்ட மக்களுக்காக வெட்டப்பெற்றவை. இருமொழியும் அடுத்தடுத்து வாழ்ந்தன என்பதே அவை நமக்குத் தரும் செல்வம். 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பெற்றதும், அம்மாதத்திலேயே கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பெற்றதும் அத்தகைய நல்லுறவின் அண்மைச் சான்றுகள் அன்றோ?

ஊரார் ஒன்றுபட்டால் கல் பிழைக்கும் என்பதற்கு ஹெப்பாள் எடுத்துக்காட்டு. கி.பி. 750ஐ ஒட்டிய கிட்டய்யன் என்னும் வீரனின் கன்னட நடுகல் அங்கு 2018இல் கண்டறியப்பெற்றது. இந்நகரில் அறியப்பெற்ற கன்னடக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாக அது கருதப்பெறுகிறது. பொதுமக்கள் பொருள் வழங்கி, அதற்கு மண்டபம் ஒன்று எழுப்பினர். கல்லின் மதிப்பை எடுத்துச் சொல்வார் இருந்தமையால் காப்பாரும் தோன்றினர். சொல்வார் இல்லாத இடத்தில் அத்தகைய கல் துணி துவைக்கும் கல்லாகவோ, சாக்கடையின் மூடியாகவோ மறைகிறது.

இங்குதான் தமிழ்க் குடும்பங்களின் கடமை தொடங்குகிறது. தமிழ்க் கற்களைப் படிக்கத் தமிழ் அறிந்தார் வேண்டும். ஆயினும் அச்சுத்தமிழ் அறிவு மட்டும் போதாது. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தோன்றாது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் கலந்து வரும். பயிற்சி இருந்தால் இவை எளியவையே. தமிழெழுத்தே அறியாது வளரும் பிள்ளைக்கோ அப்பயிற்சி எட்டாது. இவ்வூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, இவ்வூர்த் தமிழ்க் கல்லைப் படிக்க வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைக்கும் நிலை வந்தால் அது யாருக்குப் பெருமை?

கல் மட்டுமே வரலாறு ஆகாது. 1809இல் இங்குப் படைவீடு அமைந்தபின் வந்து குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பகுதியைத் ‘தண்டு’ என்றே வழங்குகின்றனர். இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரி 1868இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதனைக் கட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் பள்ளியும் நிறுவினார். 1898இன் கொள்ளைநோய் எத்தனையோ குடும்பங்களை இடம்பெயர்த்தது. இவற்றின் மறுபாதி நூல்களில் இல்லை. நம் இல்லத்துப் பெட்டிகளில், பழைய கடிதங்களிலும் திருமண அழைப்புகளிலும் ஒளிப்படங்களிலும் கிடக்கிறது. படத்தில் நிற்பவர் இன்னார் என்று சொல்லவல்ல முதியோர் மறைந்துவிட்டால், படம் இருந்தும் பயன் என்?

ஆதலின் நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்று. திங்கள்தோறும் ஒரு சொற்பொழிவு. அதனை ஒரு முறை தமிழிலும் மறுமுறை கன்னடத்திலும் நடத்தி, அண்டை வீட்டாரையும் அழைத்தல் வேண்டும். அதனைத் தொடர்ந்து ஒரு ஞாயிறு, பிள்ளைகளுடன் ஒரு கல்லைக் காணச் செல்லுதல். கோயிலாரின் இசைவு பெறாது கல்லைத் தொடலாகாது. சுண்ணமோ எண்ணெயோ பூசுதல் அறவே கூடாது. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள் முதியோரை அமர்த்தி, அவர்தம் படங்களைக் காட்டச் செய்து, அவர் கூறுவனவற்றை எழுதி வைத்தல். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கூடும் மனமே வேண்டும்.

பட்டந்தூரில் ஏரி அமைத்தவர் அதன் நீரைத் தாம் மட்டும் பருகுவதற்கு அமைத்தாரல்லர். பின்வருவோர்க்கும் என்றே கல்லில் பொறித்து வைத்தார். ஆயிரம் ஆண்டுகட்குச் சிறிது குறைவான காலம் அக்கல் நமக்காகக் காத்திருக்கிறது. அதன் முன் சென்று ஒரு வரியேனும் படிக்க நம் மக்களைப் பழக்குவோமாக.